விற்காமல் இருப்பதற்கு யார் காசு தருவது? ஏற்றுமதித் தடையின் மூன்று வழிகள்

போன தவணை மாலை வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு சின்ன நாடு. அதன் மண்ணில் கிடைக்கும் ஒரு பொருளுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி. நட்பான பெரிய நாடு ஒன்று வந்து, "இதை என் எதிரிக்கு விற்காதே" என்கிறது. விற்பதா, நிறுத்துவதா? நிறுத்துவதென்றால் எந்த முறையில்? நாலு பேர் சேர்ந்து பேசி, ஒரே முடிவுக்கு வந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஐந்து சனிக்கிழமை போனது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், பிளேன் டீ ஆறிப்போகப் பேசினோம். நான் எந்த வழிக்குக் கையெழுத்துப் போட்டேன், ஏன் போட்டேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

பகலில் நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் சரக்குக் கந்தோரில் பத்திர வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடமாயிற்று. பெரிய நாடுகள் பேசி முடிக்கும் விஷயம் கடைசியில் ஒரு படிவமாக என் மேசைக்கு வரும். இறுதிப் பாவனையாளர் யார், எதற்குப் பாவிக்கப் போகிறார், வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டார் என்று ஒப்பமிட்டாரா என்று பார்ப்பது என் வேலை. மந்திரிமார் உட்காரும் மேசை எனக்குத் தெரியாது. சிப் செய்யும் தொழிற்சாலைக்குள் கால் வைத்ததும் இல்லை. ஆகவே படிவம் வந்து சேரும் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, எதை விற்கக் கூடாது என்று நாடுகள் கூடிப் பேசி ஒரே பட்டியல் போடுவது. 1949இல் அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் சோவியத் அணிக்கு எதிராகத் தொடங்கிய கோகொம் அப்படிப்பட்டது. பாரிஸில் இருந்துகொண்டு 1994 வரை நடந்தது. அதன் இடத்துக்கு 1996இல் வந்தது வாசெனார் ஏற்பாடு. இன்று 42 நாடுகள் அதில் இருக்கின்றன, இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது. இரண்டாவது, பலமுள்ள ஒரு நாடு தன் சட்டத்தை நீட்டி, ஊரில் உள்ள எல்லோரையும் அதற்குள் கொண்டுவருவது. அமெரிக்கா 2022 ஒக்டோபர் 7இல் சீனாவுக்குப் போகும் சிப்புகளுக்கும் சிப் செய்யும் இயந்திரங்களுக்கும் போட்ட தடை இந்த வகை. மூன்றாவது, விற்பனையை முற்றாக நிறுத்தாமல் அனுமதிப்பத்திரம் என்ற குழாயைப் பூட்டி, வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடுவது. கலியம், ஜெர்மானியம், காரீயம் (பென்சிலில் இருக்கும் கிராஃபைட்), காந்தம் செய்யத் தேவையான அருமண் மூலகங்கள் என்று சீனா வரிசையாகச் செய்துவருவது இது.

நான் முதலாவதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை அடைத்த பிறகுதான் போட்டேன்.

மூன்றுக்கும் பொதுவானவற்றைச் சொல்லி நகர்கிறேன். எல்லாமே தேசியப் பாதுகாப்பின் பேரால்தான் வருகின்றன. எல்லாவற்றிலும் சரக்கு ஏதோ ஒரு வழியால் கசியும். மூன்றாம் நாடு ஒன்றின் துறைமுகத்தில் இறங்கி, பெயர் மாறி மறுபடி ஏறும். எல்லாவற்றிலும் தடை போடும் நாட்டின் வியாபாரிகள் முதலில் கத்துவார்கள். இதெல்லாம் எந்த வழியைத் தேர்ந்தாலும் இருக்கும், ஆகவே தேர்வுக்கு உதவாது.

குழாய் வழிக்காக எங்கள் குழுவில் வாதாடியவன் தேயிலைக் கம்பனி ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவன். ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய எண்ணெய்க் கடன் சுமார் 25 கோடி டொலரை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கழிக்க இலங்கை 2021 டிசம்பரில் ஒப்பந்தம் செய்ததே, அந்தக் கணக்குவழக்கை நெருங்கிப் பார்த்தவன். பெரிய நாடுகள் போடும் வேலிக்குள் நின்றுகொண்டே ஒரு சின்ன நாடு தன் அலுவலைப் பார்க்கலாம் என்பது அவன் நம்பிக்கை. "அக்கா, எங்ககிட்ட காரீயம் இருக்கு. போகலையிலயும் கஹட்டகஹவிலயும் கிடைக்கிற மாதிரிச் சரக்கு வேற எங்க இருக்கு? குழாய எங்க கையில வச்சிருந்தா வாறவங்க எல்லாரும் எங்ககிட்டதானே பேசணும்?" என்றான்.

அவன் சொன்னதில் பாதி சரி. பாறைப் பிளவில் நரம்பு மாதிரி ஓடும் அந்தக் காரீயத்தை வியாபார அளவில் தோண்டுவது இலங்கை மட்டும்தான். ஆனால் நாங்கள் எடுப்பது வருடத்துக்குச் சில ஆயிரம் தொன். சீனா எடுப்பது பத்து இலட்சம் தொன்னுக்கு மேல். அருமையான சரக்கு வேறு, குழாயை மூடினால் மற்றவன் தொண்டை வறளும் அளவுக்குச் சரக்கு வேறு. கலியத்தில் உலக உற்பத்தியின் 98 வீதம் வரை தன்னிடம் இருப்பதால் சீனா 2023 ஓகஸ்ட் 1இலிருந்து அனுமதிப்பத்திரம் கேட்க முடிந்தது, காரீயத்துக்கு அதே வருடம் டிசம்பர் 1இலிருந்து கேட்க முடிந்தது. 2025 ஏப்ரல் 4இல் ஏழு அருமண் மூலகங்களுக்கு அதே கதவைப் போட்டபோது, சில வாரங்களில் சிக்காகோவில் ஃபோர்ட் தன் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடியது. காந்தம் இல்லை. ஒரு சின்னக் காந்தம் வராததால் முழுக் காரும் நின்றது. அந்தப் பலம் எங்களுக்கு வராது.

வந்தாலும் நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. 2010இல் மீன்பிடிப் படகுத் தகராறு ஒன்றுக்குப் பிறகு ஜப்பானுக்கு அருமண் வருவது சுருங்கியது. ஜப்பான் என்ன செய்தது? அடுத்த வருடமே அவுஸ்திரேலியாவின் லைனஸ் கம்பனிக்கு 25 கோடி டொலர் கொடுத்து வேறு ஊற்றுத் தோண்டியது. சீனாவை நம்பியிருந்த அளவு 90 வீதத்திலிருந்து பத்து வருடத்துக்குள் 60 வீதமளவுக்கு இறங்கியது. உலக வர்த்தக நிறுவனத்தில் 2014இல் தீர்ப்பும் சீனாவுக்கு எதிராக வந்து, அடுத்த வருடம் அளவுக் கட்டுப்பாட்டையே நீக்க வேண்டியதாயிற்று. குழாயை ஒருமுறை மூடிக் காட்டினால், பக்கத்து வீட்டுக்காரன் கிணறு வெட்டத் தொடங்கிவிடுவான். சீனா அளவு பெரிய நாடு அதைத் தாங்கும். எங்களை மாதிரி நாடு ஒரு தடவை மூடினால், அடுத்த தடவை திறந்து வைத்திருந்தாலும் வாங்க ஆள் இருக்காது.

நீண்ட கை வழிக்கு எங்கள் குழுவில் ஆளே இல்லை. சின்ன நாடு யாருக்குக் கையை நீட்டுவது? ஆனால் நீட்டிய கைக்குள் அகப்பட்டவன் கதை எங்களுக்குத் தேவைப்பட்டது. அந்தக் கதை நெதர்லாந்தின் கதை.

வெல்ட்ஹோவன் என்ற ஊரில் ஏஎஸ்எம்எல் கம்பனி இருக்கிறது. உயர்தரச் சிப்பு செய்யத் தேவையான ஈயூவி இயந்திரத்தை உலகத்தில் செய்வது அந்த ஒரு கம்பனிதான். ஒரு இயந்திரத்தை ஏற்ற 40 கொள்கலன் வேண்டும். எனக்கு அந்த எண்ணைப் படித்ததும் முதலில் தோன்றியது, அதற்கு எத்தனை பொதிப் பட்டியல் தட்டச்சுச் செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான். சீனாவுக்கு ஈயூவி அனுப்ப டச்சு அரசு அனுமதி கொடுக்காமல் 2019இலேயே நின்றது, அதற்குப் பின்னால் அமெரிக்காவின் வற்புறுத்தல் இருந்தது. அதற்கு அடுத்த தர இயந்திரங்களுக்காக 2023 ஜனவரி கடைசியில் வாஷிங்டனில் அமெரிக்காவும் ஜப்பானும் நெதர்லாந்தும் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்தன. அதன் வாசகம் வெளியிடப்படவேயில்லை. பிறகு ஜப்பான் 23 வகை உபகரணங்களுக்கு ஜூலை 23இலிருந்தும், நெதர்லாந்து தன் இயந்திரங்களுக்கு செப்டெம்பர் 1இலிருந்தும் அனுமதிப்பத்திரம் கேட்டன. இரண்டு நாடுகளும் சீனா என்ற பெயரை விதிகளில் எழுதவில்லை.

அத்தோடு முடிந்ததா? அதே வருடம் ஒக்டோபரில் அமெரிக்கா தன் விதியை இன்னும் நீட்டி, டச்சுக்காரர் விட்டுவைத்த இரண்டு பழைய மொடல்களையும் தனக்குக் கீழே கொண்டுவந்தது. நெதர்லாந்தில் செய்த இயந்திரம், நெதர்லாந்திலிருந்து போகும் இயந்திரம், அனுமதி வாஷிங்டனில். 2024 செப்டெம்பரில்தான் டச்சு அரசு அந்த இரண்டு மொடலுக்கும் தானே பத்திரம் கொடுப்பதாக அறிவித்துப் பேனாவைத் திரும்ப வாங்கியது. தன் பொருளுக்குத் தானே ஒப்பமிடும் உரிமையை மீட்க ஒரு வருடம். நெதர்லாந்துக்கே இப்படி.

மறுபக்கத்திலிருந்தும் அடி விழும். 2025 செப்டெம்பர் 30இல் சீன உரிமையாளர் கையில் இருந்த நெக்ஸ்பீரியா என்ற சிப் கம்பனியின் நிர்வாகத்தில் டச்சு அரசு தலையிட்டது. ஒக்டோபர் 4இல் சீனா, அந்தக் கம்பனியின் சிப்புகள் சீனாவிலிருந்து வெளியே போவதை நிறுத்தியது. ஐரோப்பியக் கார் தொழிற்சாலைகள் தவித்தன. நவம்பரில் டச்சு அரசு தன் கட்டளையை இடைநிறுத்தி வைத்தது. இரண்டு யானைக்கு நடுவில் நிற்பது என்றால் இதுதான்.

இந்த வழியில் என் கந்தோர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2025 செப்டெம்பர் 29இல் அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. தடைப் பட்டியலில் உள்ள கம்பனி ஒன்றுக்கு 50 வீதமோ அதற்கு மேலோ சொந்தமான எந்தக் கம்பனியும் தானாகவே தடைக்குள் வரும். சரி, அப்போது வாங்குகிற ஒவ்வொருவரின் பங்குதாரரையும், அந்தப் பங்குதாரரின் பங்குதாரரையும் தேட வேண்டும். நாங்கள் மூன்று பேர் இரவு ஏழு மணி தாண்டியும் இருந்து, வாடிக்கையாளர்களின் பதிவுப் பத்திரங்களைக் கிளறினோம். ஒக்டோபர் 30இல் பூசானில் ட்ரம்பும் சீ ஜின்பிங்கும் சந்தித்தார்கள். நவம்பர் 10இலிருந்து அந்த விதி ஒரு வருடத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஆறு வாரம் உயிரோடு இருந்த விதி. பதிலுக்குச் சீனாவும் ஒக்டோபர் 9இல் அறிவித்த விரிந்த அருமண் கட்டுப்பாட்டை ஒரு வருடத்துக்கு நிறுத்தியது. வேறு நாட்டில் செய்த பொருளாக இருந்தாலும் பெறுமதியில் 0.1 வீதம் சீன அருமண் இருந்தாலே தன் அனுமதி வேண்டும் என்று சீனா அதில் எழுதியிருந்தது. நீண்ட கையை அமெரிக்காவிடம் பார்த்துப் பழகியாயிற்று என்பது அந்த 0.1இலேயே தெரிந்தது.

ஆபத்தான பொருள் ஆபத்தான கைக்குப் போகக் கூடாது என்று தொடங்கிய விதிகள், ஜெனீவா, லண்டன், ஸ்டொக்ஹோம், மட்ரிட், கோலாலம்பூர் என்று ஒரே வருடத்தில் நடந்த பேச்சுகளில் பேரம் பேசும் சரக்காகிவிட்டன. நீ இதை நிறுத்து, நான் அதை நிறுத்துகிறேன். அந்த மேசையில் இல்லாத நாடுகள் தங்கள் ஏற்றுமதியை எதை நம்பித் திட்டமிடுவது? எனக்கு இது கோபம் வரும் விஷயம். பாதுகாப்பு என்று சொல்லி ஒருவனின் பிழைப்பை நிறுத்தினால், அந்தக் காரணம் அடுத்த மாதமும் காரணமாக இருக்க வேண்டும்.

இனித்தான் நாங்கள் ஐந்தில் மூன்று சனிக்கிழமையைச் செலவழித்த இடம். எந்த வழியானாலும், விற்காமல் விட்ட சரக்கின் நட்டத்தை யார் தாங்குவது? முதல் மாதம் எல்லோரும் தாங்குவார்கள். மூன்றாம் வருடம்? ஏழாம் வருடம்? ஒரு தடையைப் போடுவதற்கு ஒரு கூட்டம் போதும். அதை வருடக்கணக்கில் நிறுத்தி வைக்கக் காசு வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை தேட எங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் தாத்தா கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு றப்பர் ஸ்டோரில் தரம் பிரிப்பவராக இருந்தார். தோட்டத்திலிருந்து புகையிட்டு வரும் றப்பர்த் தாளை ஒவ்வொன்றாக எடுத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துப் பார்ப்பாராம். தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவினால் முதல் தரம். குமிழ் இருக்கிறதா, மரப்பட்டைத் துகள் ஒட்டியிருக்கிறதா, பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அழுக்குப் புள்ளியைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிட்டு அடுத்த அடுக்கில் போடுவார். சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது சட்டையில் புகை மணம். அம்மா அந்த மணத்தை இன்றும் சொல்வார். அந்தத் தாள்கள் போன இடம் சீனா.

1951 மே 18இல் கொரியப் போரின் நடுவில், சீனாவுக்குப் போர்ப் பெறுமதியுள்ள பொருள்களை அனுப்பக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. றப்பர் அப்படிப்பட்ட பொருள். பிரித்தானியரின் கையில் இருந்த மலாயா சீனாவுக்கு றப்பர் அனுப்புவதை நிறுத்தியது. இலங்கை அப்போது ஐ.நா.வில் அங்கத்துவமே பெற்றிருக்கவில்லை. சோவியத் வீட்டோவால் 1955 டிசம்பர் வரை வெளியில்தான் நின்றது. போரால் ஏறிய றப்பர் விலை 1952இல் இறங்கிவிட்டது. அரிசி விலையோ ஏறிக்கொண்டு போனது. கூப்பன் அரிசிக்கு அரசாங்கம் கொட்டும் காசு திறைசேரியைத் தின்றது. அமெரிக்காவுடன் பேசிப் பார்த்தார்கள், றப்பருக்கு நல்ல விலையும் அரிசிக்கு வழியும் கிடைக்கவில்லை. அப்போது பீக்கிங் கதவைத் திறந்தது.

வர்த்தக மந்திரி ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போனார். நிதி மந்திரி ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு இதில் விருப்பமில்லை. 1952 டிசம்பரில் ஐந்து வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடத்துக்கு 50,000 தொன் றப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். அந்த 50,000 தொன் எங்கள் அன்றைய விளைச்சலில் ஏறக்குறைய பாதி. சிங்கப்பூர் சந்தையைவிட அதிக விலை. மலாயா நிறுத்தியதால் ஏற்பட்ட இடைவெளியில் தாத்தாவின் தாள்கள் போய் உட்கார்ந்தன. அமெரிக்கா என்ன செய்தது? எதிரி அணிக்குப் போர்ப் பெறுமதியுள்ள பொருளை விற்கும் நாட்டுக்கு உதவி கிடையாது என்ற 1951ஆம் ஆண்டின் பேட்டில் சட்டத்தை (Battle Act) காட்டி உதவியை மறுத்தது. 1956இல்தான் அந்த நிலை மாறியது.

அதே 1952இல் டென்மார்க் சோவியத் ஒன்றியத்துக்கு எண்ணெய்க் கப்பல் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. அதே சட்டம். அந்தச் சட்டத்தில் ஜனாதிபதிக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரம் இருந்தது. டென்மார்க்குக்கு உதவி தொடர்ந்தது. அது உள்ளுக்குள் இருந்த நாடு, மேசையில் கதிரை இருந்த நாடு.

இதை வைத்து அமெரிக்காவைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நான் பார்ப்பது வேறு இடத்தை. கோகொம் நாடுகள் ஏன் தடைக்குள் நின்றன? மார்ஷல் திட்டத்தில் ஐரோப்பாவுக்கு 13 பில்லியன் டொலர் வந்துகொண்டிருந்தது. விற்காமல் விட்டதற்கு ஈடாக வேறு வழியால் சாப்பாடு வந்தது. அந்தப் பணம் நின்ற பிறகு, பிரித்தானியா முன்னின்று 1954இலும் 1958இலும் பட்டியலைக் குறைக்க வைத்தது. சோவியத்துக்கு ஒரு அளவு, சீனாவுக்கு அதைவிட இறுக்கமான அளவு என்று இருந்த வித்தியாசத்தை 1957இல் தானே தனியாகத் தூக்கிப் போட்டது. ஈடு இருந்தவரை இறுக்கம், ஈடு குறையக் குறைய நெகிழ்வு. இலங்கைக்கு ஈடே சொல்லப்படவில்லை, ஆகவே முதல் நாளே வெளியில் நின்றது. றப்பர்-அரிசி ஒப்பந்தமோ ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கப்பட்டு முப்பது வருடம் ஓடியது. காரணம் கொள்கை இல்லை, ஒவ்வொரு வருடமும் கப்பல் இரண்டு திசையிலும் நிறைந்து போனது.

அரிசி வந்த பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1953இல் அரசாங்கம் ஒரு கொத்து (படி மாதிரி ஒரு அளவு) அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எதிரி நாட்டுக்கு விற்கலாமா கூடாதா என்று பேசும் ஒரு அரசாங்கம், அந்தப் பேச்சின் நடுவில் கொத்து அரிசியில் கவிழும். தடையைப் பற்றிப் பேச வரும் பெரிய நாடு இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

சரி, இதெல்லாம் கூட்டுப் பட்டியலுக்கு எதிரான சாட்சி மாதிரி இருக்கிறதே, பிறகு ஏன் அதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பீர்கள். வங்கியில் வேலை செய்யும் எங்கள் குழுத் தோழியும் அதையே கேட்டாள். நான் அவளுக்கு ஒரு கமராக் கதை சொன்னேன்.

சில வருடத்துக்கு முன் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், தொழிற்சாலை மின்பலகையில் எங்கே சூடேறுகிறது என்று பார்க்க வெப்பப் படக் கமரா ஒன்று ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார். செக்கனுக்கு 30 படம் எடுக்கும் மொடல். விற்பவர் இறுதிப் பாவனைப் படிவம் அனுப்பினார், நிரப்பினோம், இன்னொரு கடிதம் கேட்டார், கொடுத்தோம். ஒன்பது வாரம் போனது. கடைசியில் என் மேலதிகாரி பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, செக்கனுக்கு 9 படத்துக்கு மேல் போகாத கமராக்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றார். மின்பலகை ஓடவா போகிறது, 9 போதும். வாடிக்கையாளர் மொடலை மாற்றினார். பன்னிரண்டு நாளில் பெட்டி கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியது. பிறகு ஜப்பானில் ஒரு விற்பனையாளரிடமும் அமெரிக்காவில் ஒருவரிடமும் விசாரித்தோம். மூன்று இடத்திலும் கோடு 9இல்தான். நாடுகள் கூடியிருந்து பேசி எழுதிய எண், எல்லாக் கடையிலும் ஒரே எண்.

எனக்குத் தேவை அதுதான். கோடு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அது எண்ணாக இருக்க வேண்டும். இரவோடு இரவாக மாறக் கூடாது. கூட்டுப் பட்டியலில் ஒரு எண்ணை மாற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும், ஆகவே மெதுவாகத்தான் மாறும். அந்த மெதுவைச் சிலர் குறை என்பார்கள். படிவம் நிரப்பும் எனக்கு அது பெரிய நிம்மதி. யார் மேலும் பெயர் சொல்லிக் குறி வைப்பதில்லை என்பதால், பட்டியலில் இருக்கும் பொருளை விற்காத நாடு யாருக்கும் பகிரங்க எதிரியாகவும் ஆவதில்லை.

குறைகள் உண்டு. வாசெனாரில் ரஷ்யாவும் அங்கம். எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியால், உக்ரெய்ன் போருக்குப் பிறகு புதிய பொருள்களைச் சேர்ப்பது மிகவும் கடினமாகிவிட்டது. குவாண்டம் கணினி போன்றவற்றுக்கு 2024இல் பல நாடுகள் பட்டியலுக்குக் காத்திராமல் ஒரே மாதிரியான விதிகளைத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டன. சீனா வாசெனாரில் அங்கமே இல்லை. கோகொம் நல்ல இறுக்கமாக இருந்த காலத்திலும் ஓட்டை விழுந்தது. 1980களின் தொடக்கத்தில் தொஷிபா மெஷின் கம்பனி, ஒன்பது அச்சில் வெட்டும் இயந்திரங்களைச் சோவியத்துக்கு விற்றது. நோர்வேயின் கொங்ஸ்பேர்க் அதற்குக் கட்டுப்பாட்டுக் கருவி கொடுத்தது. நீர்மூழ்கியின் சுழலியைச் சத்தமில்லாமல் செய்ய அது உதவும் என்பது குற்றச்சாட்டு. ஏற்றுமதிப் பத்திரத்தில் எழுதியிருந்தது இரண்டு அச்சு இயந்திரம் என்று. 1987இல் விஷயம் வெளியே வந்து, அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்டடத்துக்கு வெளியே தொஷிபா ரேடியோவைச் சுத்தியலால் உடைத்தார்கள். நான் அந்தச் சம்பவத்தில் நினைத்துக்கொள்வது சுத்தியலை அல்ல, அந்தப் பத்திரத்தில் "இரண்டு" என்று தட்டச்சுச் செய்தவரை. தான் எழுதுவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்குமா?

ஆனால் எனக்கு முக்கியமான ஓட்டை ஈடுதான். வாசெனாரில் ஈடு என்ற பேச்சே இல்லை. பட்டியலில் இருப்பதை விற்காமல் விட்டால் அது உன் நட்டம். பணக்கார நாடுகளுக்கு அது பொருந்தும். ஒரே ஒரு பொருளை நம்பி அரிசி வாங்கும் நாட்டை அதே பட்டியலுக்குள் கூப்பிட்டால், 1952 மறுபடி நடக்கும். எதிரி நாடு கூடிய விலை சொல்லும், அந்த நாடு விற்கும். அதைத் துரோகம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் தாளில் கூட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே மூன்று நிபந்தனை எழுதினோம். பொருளின் தரமும் அளவும் எண்ணாக இருக்க வேண்டும். காலம் ஐந்து வருடம், பீக்கிங் ஒப்பந்தம் மாதிரி, முடிவில் எல்லோரும் கூடிப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவதுதான் எங்களுக்குச் சண்டை வந்த இடம்: விற்கக் கூடாது என்று கேட்கும் நாடு, விற்காமல் நிற்கும் அளவைத் தானே முன்கூட்டிப் பேசிய விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்கா அன்று அந்த 50,000 தொன்னை நல்ல விலைக்கு வாங்கி, அரிசிக்கும் வழி செய்திருந்தால் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் போயிருப்பாரா என்பது என் கேள்வி. போயிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், இருந்தாலும் நடக்காத ஒன்றுக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. இப்படி ஒரு நிபந்தனையை இன்றைய பெரிய நாடு எதுவும் சின்ன நாடு ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பேச்சில் கேட்காவிட்டால் கிடைக்காது என்பது மட்டும் தெரியும்.

தேயிலைத் தம்பி கடைசிச் சனிக்கிழமை வரை கையெழுத்துப் போடவில்லை. "அக்கா, முதல் வருசம் காசு தருவாங்க. ரெண்டாம் வருசம் அவங்க நாட்டில எலெக்ஷன் வரும், ஆள் மாறுவாங்க. காசு நின்னா நாங்க என்ன செய்யிறது? அப்பவும் விற்காம இருக்கிறதா?" என்றான். எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. கீழே கடையில் இடியப்பத் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் என் முன்னால் இருந்த தாளை இழுத்து, மூன்றாம் நிபந்தனைக்குக் கீழே தன் கையால் ஒரு வரி எழுதினான்: கொடுப்பனவு ஒன்று தொண்ணூறு நாளுக்கு மேல் தவறினால், அந்தப் பொருள் பட்டியலிலிருந்து தானாக நீங்கும், யாருக்கும் அறிவிக்கத் தேவையில்லை. எழுதி முடித்து, அதற்குக் கீழேயே கையெழுத்தும் போட்டான்.